குதிரைத் தோலுக்குள் மனிதர்: நிக் கேவின் ஓசையுடைகள்

விலங்கு வேடத்தை முதன்முதல் காணும் குழந்தை இருவகையாக நடந்துகொள்ளும். முதலில் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு பின்வாங்கும். சற்றுப் பொறுத்து, மெல்ல முன்வந்து, வேடத்தின் வாலைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும். அச்சமும் நகையும் ஓர் உள்ளத்தில் அடுத்தடுத்து எழுந்து, பின் ஒன்றோடொன்று கலந்துவிடுவதை அங்கே காணலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் எண்ணிச் சொன்னார். அச்சத்தின் நிலைக்களன்களுள் விலங்கு ஒன்று. மருட்கையின் நிலைக்களன்களுள் புதுமை ஒன்று. நகையின் நிலைக்களன்களுள் இளமை ஒன்று. இம்மூன்றையும் ஒரே வேளையில் எழுப்பும் கலைப்படைப்பு எளிதில் வாய்ப்பதன்று. வாய்த்தால், அதனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. புதுமை என்ற ஒன்றிற்காகவே போற்றுவதும் தவறு. அது என்ன சொல்ல வருகிறது, சொல்ல வந்ததைச் சொல்லிற்றா என்று ஆராய்வதே முறையாகும்.

அத்தகைய கலை ஒன்றை அமெரிக்கச் சிற்பி நிக் கேவ் படைத்து வருகிறார். தம் படைப்புகளுக்கு அவர் இட்ட பெயர் 'சவுண்ட்சூட்' என்பது. தமிழில் அதனை ஓசையுடை எனலாம். 1992-ஆம் ஆண்டு முதல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஓசையுடைகளை அவர் உருவாக்கியுள்ளார். கல்லிலும் செம்பிலும் ஆன சிற்பம் ஓரிடத்தில் நிற்கும். காண்பவர் அதனைச் சுற்றி வருவர். ஓசையுடையோ மனிதர் உடுத்திக்கொள்ளும் சிற்பம். அது நடக்கும், ஆடும், சலசலக்கும், காண்பவர் நிற்பர். பழைய கம்பளிச் சட்டைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கரடி, காலுறையாற் செய்த குரங்குப் பொம்மைகள் உடலெங்கும் தொங்கும் உருவம், பீங்கான் பறவைகள் தலைக்குமேல் புதராகக் குவிந்த உருவம் என, விலங்கும் பறவையும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. கண்டவுடன் எவர் முகத்திலும் புன்னகை அரும்பும். சற்று நேரம் நின்று நோக்கினாலோ ஓர் ஐயம் தலைதூக்கும். உள்ளே இருப்பவர் யார்? அவர் ஏன் தம்மை முழுதும் மறைத்துக்கொண்டிருக்கிறார்?

இந்த ஐயமே இக்கலைக்கு உயிர். ஓசையுடைகளில் விளையாட்டு என்பது துயரம் உள்ளே வருவதற்கான வாயிலாக அமைந்துள்ளது. வாயில் திறந்திருக்கும் இடத்தில் படைப்பு நிறைவு பெறுகிறது. அடைபட்ட இடத்தில் அழகியதோர் ஆடையாக மட்டும் நின்றுவிடுகிறது.

சுள்ளியிற் பிறந்த உடை

நிக் கேவ் 1959-ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில் ஃபுல்டன் என்னும் ஊரில் பிறந்தவர், கறுப்பினத்தவர். தாய் ஒருவரே பிள்ளைகளை வளர்த்தார். உடன்பிறந்த சகோதரர் பலர். அண்ணன்மார் உடுத்திக் கழித்த சட்டைகள் தம்பிக்கு வந்து சேரும். அவற்றை வெட்டியும் தைத்தும் தமக்கே உரியனவாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே உண்டு. கான்சஸ் நகரக் கலைக் கல்லூரியிலும், பின்னர் மிச்சிகன் மாநிலத்துக் கிரான்புரூக் கலைக்கழகத்திலும் பயின்றார். நடனத்திலும் பயிற்சி பெற்றார். 1958-இல் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு ஆல்வின் எய்லி நிறுவிய நடனக் குழுவின் பயிற்சியே அது. தையலும் சிற்பமும் ஆடலும் ஒருவரிடத்தே சேர்ந்தமை பின்னாளில் பயன் தந்தது. சிக்காகோ கலைக்கழகப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் முதல் ஓசையுடை பிறந்தது.

அது பிறந்த வரலாறு துயரமானது. 1991 மார்ச் 3-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர் பலர் சூழ்ந்து தடிகளால் அடித்தனர். அண்டை வீட்டார் ஒருவர் அதனைப் படம்பிடித்தார். உலகெங்கும் அப்படம் காட்டப்பட்டது. அவ்வாறிருந்தும், வழக்கில் நிறுத்தப்பட்ட நான்கு காவலர்களும் 1992 ஏப்ரல் 29-இல் தண்டனை ஏதுமின்றி வெளியே வந்தனர். அன்று மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடித்தவர் செயலைப் போலவே, அடிபட்டவரைப் பற்றிக் கூறப்பட்ட சொற்களும் கேவின் உள்ளத்தைத் தைத்தன. மனிதர் ஒருவர் அடக்கவியலாத பேருருவாக, ஏறக்குறைய ஒரு விலங்காக, வருணிக்கப்பட்டார்.

சிக்காகோவின் பூங்கா ஒன்றில் அமர்ந்து இதனை எண்ணிக்கொண்டிருந்த கேவின் கண்ணில் தரையிற் கிடந்த சுள்ளி ஒன்று பட்டது. எவரும் பொருட்படுத்தாமல் மிதித்துச் செல்லும் பொருள் அது. அத்தகைய சுள்ளிகளைத் திரட்டினார். விரல் நீளத் துண்டுகளாக வெட்டினார். துளையிட்டுக் கம்பி கோத்து உள்ளாடை ஒன்றின்மேல் நெருக்கமாகப் பிணைத்தார். முதலில் அதனை நிற்கும் சிற்பம் என்றே கருதினார். பிறகு உடுத்திப் பார்த்தார். அசைந்தபோது சுள்ளிகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஓசை எழுப்பின. எதிர்ப்பைத் தெரிவிப்பதற்குக் குரலை உயர்த்தியாக வேண்டும். அக்குரலை இவ்வுடை தருகிறது என்பதை அப்போது உணர்ந்தார். பெயரும் அவ்வோசையிலிருந்தே வந்தது.

இங்கு ஒன்றைக் கருதல் வேண்டும். மனிதரை விலங்கென்று இழித்துரைத்த உலகுக்கு விடையாக, 'அவர் விலங்கல்லர்' என்று வாதிடும் ஓவியம் ஒன்றை அவர் தீட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. இகழ்ந்தவர் கற்பித்த மயிரடர்ந்த பேருருவைத் தாமே செய்து, தாமே உடுத்தி, ஆடிக்காட்டினார். இழிசொல்லை வாங்கி அணியாக்கிக் கொள்ளும் இத்துணிவு, பின்வந்த எல்லா ஓசையுடைகளுக்கும் அடிப்படையாயிற்று.

நிலையத்தில் மேய்ந்த குதிரைகள்

ஓசையுடைகளுள் விலங்குருவம் முழுமையாக வெளிப்பட்டது குதிரைகளில்தான். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையம் 1913-இல் திறக்கப்பட்டது. அதன் நூற்றாண்டையொட்டி 2013 மார்ச் 25 முதல் 31 வரை, நிலையத்தின் வாண்டர்பில்ட் மண்டபத்தில் முப்பது குதிரைகள் இறக்கப்பட்டன. அவை உயிர்க்குதிரையின் அளவே இருந்தன. ராஃபியா என்னும் பனையினத்து நாரைச் சாயந்தோய்த்தும் தோய்க்காமலும் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு உடல் அமைத்திருந்தனர். தலைகளில் துணி வேலைப்பாடுகள் செறிந்திருந்தன. எய்லி நடனப் பள்ளி மாணவர் அறுபதின்மர், குதிரைக்கு இருவராக, முன்கால்களும் பின்கால்களுமாக உள்ளே நின்றனர்.

நாள்தோறும் இருமுறை ஆட்டம் நடைபெற்றது. யாழை ஒத்த ஹார்ப் என்னும் நரம்புக் கருவி மெல்ல ஒலிக்கும்போது குதிரைகள் தலை தாழ்த்தி மேய்வனபோல் அசைந்தன, உடலைச் சிலிர்த்தன, கூடியிருந்தோரின் அருகே வந்து முகம் நீட்டின. நாரின் சலசலப்பு வயற்காற்றைப்போல் மண்டபமெங்கும் பரவிற்று. பின்பு முரசு முழங்கியது. அப்போது குதிரைகள் இடையில் இரண்டாகப் பிரிந்தன. முன்பாதி தனியே சுழன்றது; பின்பாதி தனியே துள்ளியது. முப்பது குதிரைகள் அறுபது உருவங்களாகிப் பொங்கி ஆடி, ஆட்டம் அடங்கியபின் மீண்டும் இணைந்து மந்தையாயின.

இப்படைப்பின் தலைப்பு ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் மந்தையைக் குறிக்கும் சொல்லும், 'கேட்கப்பட்டது' என்று பொருள்தரும் சொல்லும் 'ஹெர்ட்' என ஒன்றாகவே ஒலிக்கும். எழுத்தில் கேவ் தேர்ந்துகொண்டது இரண்டாவது சொல்லை. செவிக்கு மந்தை; கண்ணுக்குக் கேட்கப்பட்ட குரல். தலைப்புக்காக மட்டும் செய்த சொல்விளையாட்டு அன்று இது. மந்தையாகக் கருதப்பட்டோரின் குரல் எப்போது கேட்கப்படும் என்ற வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

மகிழ்ச்சிக்கு நடுவே உள்ளத்தைக் கலக்கும் இடம் அந்தப் பிளவுதான். அதுவரை காண்பவர் குதிரையையே கண்டனர். உள்ளே மனிதர் இருப்பதை மறந்தனர். உடல் பிளந்தவுடன் இரண்டு மனிதர்கள் தெரிகின்றனர். எனினும் முகம் தெரிவதில்லை. குதிரையும் இல்லை, மனிதரும் முழுமையாக இல்லை. வெட்டுண்ட உடலின் இருபாதியும் களிப்போடு ஆடுகின்றன. சிரித்துக்கொண்டிருந்தவர் எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று ஒரு நொடி திகைப்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் சீனப் புத்தாண்டில் காணும் சிங்க ஆட்டத்திலும் ஒரு தோலுக்குள் இருவர் உண்டு. ஆனால் அங்கே சிங்கம் பிளப்பதில்லை. தலையும் வாலும் பிரியாதிருப்பதே அவ்வாட்டக்காரரின் திறமை. அது நன்மை கொணரும் என்பது காண்போர் அனைவரும் அறிந்த மரபு. கேவின் குதிரைக்கு அத்தகைய மரபுப் பொருள் எதுவும் இல்லை. ஆதலால் அது நல்லதா தீயதா என்பதைக் காண்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உள்ளம் கலங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிமை மிகுந்ததா?

குதிரைகளைக் குறித்து எழக்கூடிய தடை ஒன்றுண்டு. இரயிலுக்கு விரைந்த பயணிகளுள் எத்தனைபேர் 1991-ஆம் ஆண்டை நினைத்திருப்பர்? வண்ணமும் இசையும் சேர்ந்து புண்ணை மூடிவிடவில்லையா? இத்தடையைப் புறந்தள்ள இயலாது. மக்களைக் கனவு காணும் நிலைக்கு மீட்பதே குதிரைகளின் நோக்கம் என்று கேவே கூறியதுண்டு. சுள்ளியுடையின் கூர்மை குதிரைகளில் இல்லை. சுள்ளி குத்தும், நார் வருடும். பிளவு என்னும் அந்த ஒரு செயல் இல்லையெனில் முப்பது குதிரைகளும் நல்லதொரு திருவிழாக் காட்சியாகவே முடிந்திருக்கும்.

ஆயினும், புண்ணைக் காட்டுவது ஒன்றே துயரக் கலையின் கடமை என்று கொள்ளுதலும் பொருந்தாது. அடிபட்டவரின் படம் உலகெங்கும் காட்டப்பட்டது, கண்டவர் கோடிக்கணக்கானோர். அதன் பின்னும் தீர்ப்பு மாறவில்லை. கண்டும் இரங்காத கண்ணுக்கு அதே காட்சியை மீண்டும் காட்டுவதால் ஆவதென்ன? கண்ணை முதலில் குழந்தையின் கண்ணாக்கி, அதன்பின் காட்ட வேண்டியதைக் காட்டுவது கேவ் கண்ட வழி. அந்த வழியில் அவர் சில வேளை முதற்படியிலேயே நின்றுவிடுகிறார் என்பதே அவர்மீது சுமத்தத்தக்க குறையாகும்.

முகம் மறைத்தலும் முகம் காட்டலும்

ஓசையுடை முகத்தை மறைக்கிறது; நிறத்தை மறைக்கிறது; ஆணா பெண்ணா, செல்வரா வறியரா என்பதையும் மறைக்கிறது. காண்பவர் முன்முடிவு எதுவுமின்றி நோக்குவதற்கே இவ்வாறு செய்ததாகக் கேவ் விளக்குகிறார். விளக்கம் நேர்மையானதே. ஆனால் இதனுள் ஒரு முள் இருக்கிறது. கறுப்பின இளைஞர் தம் முகத்தோடு தெருவில் நடந்தால் ஐயத்துடன் நோக்கும் கூட்டம், அவரே நார்க்குதிரைக்குள் புகுந்து வந்தால் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி மகிழ்கிறது. மறைந்தால்தான் மதிப்பு எனில், அம்மதிப்பு யாருக்கு உரியது? உள்ளிருக்கும் மனிதருக்கா, அவர் போர்த்த தோலுக்கா?

இவ்விடத்தில் தமிழாசிரியர்களுக்குச் சங்க இலக்கியத்து மடல் நினைவுக்கு வருதல் இயல்பு. காதல் நிறைவேறாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, அதற்கு மணி கட்டி, எருக்கம்பூச் சூடி, ஊர்த்தெருவில் ஏறி வருவான் என்பது அகத்திணை மரபு. ஊரார் நகைப்பர், எனினும் அவன் துயரை ஊரே அறியும். அங்கும் பனை, இங்கும் பனையினத்து நார். அங்கும் தெரு, இங்கும் மக்கள் கூடும் நிலையம். நகைப்பைத் தாங்கிக்கொண்டு குரலைக் கேட்கச் செய்வது இரண்டிற்கும் பொது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்ள வேண்டா. வெவ்வேறு நிலங்களில் மனித உள்ளம் ஒரே உபாயத்தைக் கண்டிருக்கிறது.

வேறுபாடுதான் இங்கு முதன்மையானது. மடலேறுபவன் முகத்தை மறைப்பதில்லை. தான் யார், யார்பொருட்டு வருந்துகிறான் என்பதை ஊர் அறிய வேண்டும் என்பதே அவன் நோக்கம். ஊரில் அவனுக்கு ஒரு பெயரும் நாணும் உண்டு. அவற்றைப் பணயம் வைக்கிறான். கேவின் ஆடலரோ பெயரையும் முகத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறார். அவர் வாழும் ஊர், முகத்தைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடும் ஊர். ஆகவே ஓசையுடையின் மறைப்பைக் கலைஞரின் விருப்பம் என்று மட்டும் கொள்ளாமல், அச்சமூகத்தின்மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டு என்றும் கொள்ளுதல் வேண்டும். அப்படிக் கொள்ளும்போது முகமூடியின் இனிமை குறைந்து கசப்பு மேலோங்குகிறது. படைப்பும் வலிமை பெறுகிறது.

காலம் இதனை மெய்ப்பித்தது. 2020 மே 25-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிலாய்ட் என்னும் கறுப்பினத்தவர், கழுத்தின்மேல் காவலர் ஒருவர் முழங்காலை ஊன்றியதால் மாண்டார். அவர் கழுத்து நெரிபட்ட நேரம் 9 நிமிடம் 29 விநாடி. 2021-இல் கேவ் செய்த ஓசையுடை ஒன்றுக்கு அந்த நேரமே பெயராயிற்று. முதல் உடைக்கும் இவ்வுடைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். உடையைக் களைந்துவிட்டு நடக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

உடலைப் பிணித்த கொம்பு

உடுக்கும் சிற்பத்தை வேறொரு திசையில் கொண்டுசென்றவர் ஜெர்மானியச் சிற்பி ரெபெக்கா ஹார்ன். 1944-இல் பிறந்து 2024-இல் மறைந்த இவர், இளமையில் கண்ணாடி நாரையும் பாலியெஸ்டரையும் மூக்குக் கவசமின்றிக் கையாண்டதால் நுரையீரல் நச்சுற்று நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். நோயிற் கிடந்த நாட்களில் தோன்றிய எண்ணங்களே பின்னர் உடலோடு பிணைக்கும் சிற்பங்களாயின. 1970 முதல் 1972 வரையிலான காலத்துப் படைப்பான 'ஒற்றைக்கொம்புக் குதிரை' அவற்றுட் புகழ் பெற்றது. வெண்துணிப் பட்டைகளால் உடலைப் பிணித்து, தலைமேல் நெடிய கொம்பு ஒன்றைத் தாங்கிய பெண், காடும் வயலும் கடந்து மெல்ல நடப்பதே அச்சிற்பம். பட்டைகள் காயக்கட்டினை நினைவூட்டும். கொம்போ கதையில் வரும் தூய விலங்கை நினைவூட்டும். தலை சற்றுச் சாய்ந்தாலும் கொம்பு சரியும். ஆகவே நடை தானாகவே நிமிர்கிறது.

கேவும் ஹார்னும் துன்பத்திலிருந்தே விலங்குருவைக் கண்டெடுத்தனர். எனினும் ஹார்னின் படைப்பில் உடல் வெளிப்பட்டுத் தனிமையுறுகிறது. கேவின் படைப்பில் உடல் மறைந்து கூட்டத்தோடு கலக்கிறது. ஹார்னிடத்தில் மருட்கை மிகுதி, நகை குறைவு. கேவிடத்தில் நகை முந்திக்கொள்ள, மருட்கை பின்தொடர்கிறது. எளிய மக்களைச் சென்று சேர்வதில் கேவின் வழி வெற்றி பெறுகிறது. கலங்கச் செய்வதில் ஹார்னின் வழி தவறுவதே இல்லை.

நிற்கும் உடையும் நடக்கும் உடையும்

இறுதியாக ஒரு குறை. ஓசையுடைகள் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் மனிதவுருப் பொம்மைகளின்மேல் நிற்கின்றன. 2022-இல் சிக்காகோவிலும், அவ்வாண்டின் இறுதி முதல் 2023 வரை நியூயார்க்கின் குகன்ஹைம் காட்சியகத்திலும் கேவின் படைப்புகள் பெருந்தொகுதியாக வைக்கப்பட்டன. கைவேலையின் நுட்பத்தை அருகிருந்து காண அது நல்வாய்ப்பே. ஒரு பொத்தானும் வீணாகாத தையல், குப்பையிற் சேரவேண்டிய பொம்மைக்கும் ஓர் இடம் தரும் பரிவு ஆகியவை அங்கே தெளிவாகத் தெரியும். ஆனால் ஓசை இல்லை. பெயரிலேயே ஓசையை உடைய கலை ஊமையாக நிற்கிறது. உள்ளே மனிதர் இல்லாததால், 'உள்ளே யார்?' என்ற வினாவும் எழுவதில்லை. விலைமதிப்புள்ள பொருளாகிவிட்ட ஒன்றைக் கொடுத்து ஆடச் சொல்வதற்குக் காப்பாளர் அஞ்சுவது இயல்பே. அதனால்தான் 2012-இல் டெக்சாஸ் மாநிலத்து டென்டன் நகரிலும், அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும், 2016-இல் சிட்னியிலும் குதிரைகள் வெளியே வந்து ஆடியதைக் கேவின் கலை வாழ்வில் சிறந்த நிகழ்ச்சிகளாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. நியூயார்க் மண்டபத்திலும் ஆட்டமில்லாத வேளையில் குதிரைகள் தாங்கிகளின்மேல் வெற்றுடையாக நின்றன. அவற்றைக் கண்டவர், ஆட்டத்தின்போது மீண்டும் வந்தால், மனித உடல் அந்த நாருக்கு என்ன தந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க முடிந்தது.

பள்ளிகளில் கைப்பணிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் பழைய அட்டையிலும் துணியிலும் புலிமுகமும் யானைமுகமும் செய்கின்றனர். செய்து முடித்தவுடன் அவை சுவரில் மாட்டப்படுகின்றன. அழகாக உள்ளதற்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது. நிக் கேவின் வரலாற்றிலிருந்து ஆசிரியர்கள் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. அம்முகங்களைப் பிள்ளைகள் ஒருநாளேனும் அணிந்து நடக்கட்டும். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை புலிமுகத்துக்குள் நின்று உரக்கப் பேசக்கூடும். அவ்வாறு பேசினால், முகமூடியைக் கழற்றிய பிறகும் அக்குரலைச் செவிமடுக்க ஆசிரியர் அணியமாக இருத்தல் வேண்டும்.